கெலிஓயாவில் வெட்டிய பலாமரம்

கோஹிமாவில் குடியேறிய புதிதில் ஒருநாள் காலை, கீரைப்பாத்தி கொத்த மண்வெட்டியை எடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "இன்றைக்கு மண்ணைத் தொடக்கூடாது." துக்கமான முகத்தோடு கேட்டேன்: "யார் இறந்தது?" அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆலங்கட்டி மழை பயிரை அழிக்காதிருக்க ஊரே வேலை நிறுத்தும் நாளாம் அது. என் கணவர் கெவி, அங்காமி நாகர் இனத்தவர். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். ஆனாலும் காட்டில் மரம் வெட்டுமுன் அதனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கத்தியை ஓங்கமாட்டார். "உங்கள் பக்கம் இப்படி உண்டா?" என்று அன்று கேட்டார். "கண்டி பெரிய நகரம். அதெல்லாம் இல்லை" என்றேன்.

போன மாதம் விடுமுறையில் இருவரும் இலங்கைக்கு, கண்டிக்கு அருகே கெலிஓயாவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனோம். புது அறை கட்ட, பின்பக்கத்துப் பலாமரத்தை வெட்ட ஏற்பாடாகியிருந்தது. "மரத்திடம் சொல்லிவிட்டார்களா?" என்று கெவி கேட்டதை அண்ணனுக்குச் சொன்னேன்.

"பெர்மிட்டுக்கு நாயா அலைஞ்சேன். இனி மரத்துக்கிட்ட வேற கேக்கணுமா?" அண்ணன் சிரித்தான். வெட்ட வந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கெவியிடம் திரும்பி, "காலையிலேயே சொல்லிவிட்டார்களாம்" என்று பொய் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, மரம் சாயும்வரை அசையாமல் நின்றார்.

தேநீர் கொண்டுவந்த அண்ணியிடம், தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், "மரத்துக்குச் சொன்னது, நன்றி" என்றார்.

"யாரு தம்பி சொன்னது?" அண்ணி என்னைப் பார்த்தாள். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"ஏம்மா, புசல்லாவையில உங்கப்பா கவ்வாத்துச்சாமியக் கும்பிடாம தேயிலையில கத்தி வச்சிருப்பாரா? இத நீ தம்பிக்குச் சொன்னதே இல்லியா?"

சொன்னதில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்ததையே 'கண்டி' என்ற சொல்லுக்குள் மறைத்து வைத்தவள் நான். தேயிலையைக் கவ்வாத்து வெட்டிக் கத்தரிக்கும் முன் சாமிக்கல்லுக்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டி, செடியை வெட்டப்போகிறோம் என்று அப்பா சொல்லிக்கொள்வதை கெவியிடம் எப்படிச் சொல்லியிருப்பேன்? அண்ணி கேட்டதை அப்படியே மொழிபெயர்த்தேன்; கெவிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "உன் அப்பாவை எனக்குப் பிடித்திருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அண்ணி கற்பூரம் எடுத்துவந்தாள். வழியில் கிடந்த கிளையை அவசரமாக இழுத்துப்போட்டேன். வெட்டிய அடிமரத்தின் ஒரு பக்கம் கெவி மண்டியிட்டு அவர் மொழியில் மன்னிப்புக் கேட்டார்; மறுபக்கம் அண்ணி தமிழில் கேட்டாள். இரண்டும் எனக்குப் புரிந்தன. யாரோடு சேர்ந்து சொல்வதென்று தெரியாமல், பலாப்பால் ஒட்டிய விரல்களைப் பிரிக்கவும் முடியாமல், இருவருக்கும் நடுவில் நின்றேன்.