விரலை ஆட்டினார் வெள்ளைக்காரர்

பர்மாவில், யாங்கூன் நகரத்து இன்சீன் பேட்டையில் இருக்கும் சின்னத்தம்பிக்கு வார நாளில் ரயில்வே பட்டறையில் வெல்டிங் வேலை, முகூர்த்த நாளில் தவில். இருபத்தெட்டு வருஷமாக யாங்கூனில் தாலி ஏறிய கழுத்துகளில் பாதிக்கு அவர்தான் கெட்டிமேளம் கொட்டியவர். ஆனால் ஒரு கல்யாணத்திலாவது எவனாவது காது கொடுத்துக் கேட்டானா? ஹூம்! தாலி கட்டும் நேரத்தில் எவனாவது தும்மித் தொலைத்தால் அது யார் காதிலும் விழக் கூடாது, அதற்குத்தான் கெட்டிமேளமே. மற்றபடி எல்லாருக்கும் பந்தியில்தான் கண். அவர் மனைவி புஷ்பலதாவே அத்தனை கல்யாணத்திலும் சமையல்கட்டில்தான் நின்றாள். வாயில் சோறு இல்லாத நாலு பேர் முன்னால் சாவதற்குள் ஒரு தடவை வாசித்துவிட வேண்டும். அவ்வளவுதான் மனுஷனின் ஆசை.

அப்போதுதான் பெல்ஜியத்திலிருந்து ஒரு ஜாஸ் குழு வந்து இறங்கியது. போகிற ஊர் வாத்தியத்தையெல்லாம் தங்கள் பாட்டோடு கலந்து வாசிக்கிறவர்கள். கியாக்டடா பேட்டையில் மைக் செட் கடை வைத்திருக்கும் சர்ஃபராஸ், சின்னத்தம்பியை அவர்களோடு கோத்துவிட்டான்.

"சயா, வாத்தியாரே, கடைசிப் பாட்டுல மட்டும் எல்லாரோடயும் சேந்து அடிச்சா போதும். அதுவரைக்கும் மேடையில சும்மா உக்காந்திருங்க" என்றான்.

"அங்கயும் கும்பல்ல கோவிந்தாதானா?" என்று சின்னத்தம்பி முகத்தைத் தொங்கப்போட்டார். ஆனாலும் போனார்.

சனிக்கிழமை மாலை நாலு மணிக்குக் கச்சேரி. அரங்கு நிறைய ஆள். புஷ்பலதா பட்டுப்புடவையில், மூன்றாவது வரிசையில். நாலாவது பாட்டு தாலாட்டு மாதிரி. பாடகி மூச்சு விடுகிற மெதுவில் பாடிக்கொண்டிருந்தாள். சாக்ஸபோன் ஊதும் குழுத் தலைவர் யோரிஸ், கிட்டார்க்காரருக்கு 'இன்னும் ஒரு சுற்று' என்று சொல்ல ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டினார்.

போதாதா? கல்யாண வீட்டில் அந்த விரல் ஆடினால் கெட்டிமேளம் என்றுதானே அர்த்தம்! பிடித்தார் பாருங்கள் சின்னத்தம்பி, கூரை அதிர! பாடகி துள்ளி விழுந்தாள். இன்சீனிலிருந்து வந்திருந்த தைலம்மாள் என்கிற மகராசி, பழக்க தோஷத்தில் எழுந்து, கொண்டைப் பூவைப் பிய்த்து, முன்னால் இருந்த வழுக்கைத்தலை வெள்ளைக்காரருக்கு அட்சதையே போட்டுவிட்டாள்.

அப்புறம்தான் சின்னத்தம்பிக்குச் சுரீரென்று உறைத்தது. ஐயோ, மானம் போச்சே! கையை நிறுத்தி, தலையைக் குனிந்துகொண்டார்.

யோரிஸ் கோபப்படவில்லை. சாக்ஸபோனை இறக்கி வைத்து, மற்றவர்களையும் நிறுத்தச் சொல்லி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, 'மேலே வாசியுங்கள்' என்று கையைக் காட்டினார்.

அத்தனை கண்ணும் தன் மேல் இருக்க, சின்னத்தம்பி தவிலை மடிக்கு இழுத்துக்கொண்டார். குச்சி வழுக்கியது. மெதுவாகத் தொடங்கினார். பதினோரு நிமிஷம் வாசித்தார். எவனும் இருமக்கூட இல்லை.

திரும்பி வரும்போது டாக்ஸியில் புஷ்பலதா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னம்மா, சொதப்பிட்டேன்னு கோவமா?"

"எல்லாக் கல்யாணத்துலயும் இதத்தான் வாசிச்சீங்களா?"

"இதத்தான்."

"அடப்பாவி மனுஷா!" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு தடவ கூப்பிட்டிருந்தா, அடுப்ப அணைச்சிட்டு வந்து நின்னிருப்பேனே!"