லம்பி வீட்டுப் பையன்

வடக்கு பின்லாந்தில் ஒரு நகராட்சியின் கணினிப் பிரிவில் ஹெல்கா ரவுத்தியோ நெடுநாளாக வேலை பார்த்தாள். வாய் திறப்பது அபூர்வம். மதிய சூப்பைக்கூடத் திரையைப் பார்த்தபடியே குடித்து முடிப்பாள். ஆனால் அவள் எழுதிக் கொடுத்த எதுவும் பாதியில் படுத்துக்கொண்டதில்லை என்று அலுவலகத்தில் அவளுக்குப் பேர்.

குழந்தை நலப் பிரிவுக்கு வரும் புகார்களெல்லாம் ஒரே தரவுத்தளத்தில் கிடந்தன. அக்கம்பக்கத்தார், டீச்சர்கள், நர்ஸுகள் போனில் சொல்வதை அப்படியே தட்டி வைத்திருப்பார்கள். பழைய புகார் ஒன்றைத் தேடினால், கணினி அத்தனையையும் முதலிலிருந்து படித்துப் பார்த்த பிறகுதான் பதில் சொல்லும். அதற்குள் காபி ஆறிவிடும். இதைச் சரிசெய்யும் வேலை ஹெல்காவிடம் வந்தது.

குளிர்காலம் முழுக்க அதிலேயே மூழ்கிக் கிடந்தாள். எந்தச் சொல் எந்தப் புகாரில் இருக்கிறது என்று கணினி முன்கூட்டியே குறித்து வைக்கும்படி ஒரு சொல்லடைவைக் கட்டினாள். பின்னிஷும் நம் தமிழ் மாதிரிதான், சொல்லின் பின்னால் உருபுகள் ஒட்டிக்கொண்டே போகும். அதனால் சொல்லின் வாலை வெட்டி அடியை மட்டும் சேர்க்கும் நிரல் ஒன்றையும் இணைத்தாள்.

வெள்ளோட்டத்தின்போது தைமி என்ற சமூகப் பணியாளர் நெற்றியைச் சுருக்கினாள்.

"முன்னெல்லாம் பாதிப் பேர அடிச்சாலே வந்துடும். இப்ப ஒண்ணும் வரமாட்டேங்குதே?"

"முழுசா அடி தைமி. வால வெட்டுற வேலைய அது பாத்துக்கும்."

முழுதாக அடித்தால் கண் இமைக்கும் நேரத்தில் வந்தது. ஏலக்காய் பன் வாங்கிக் கொண்டாடினார்கள்.

அடுத்த இலையுதிர்காலத்தில் ஒரு பள்ளி நர்ஸ் தைமியை அழைத்தாள். எயினோ என்ற பையனின் தோளில் காயம். அவன் அம்மா லம்பி என்ற ஆளோடு வாழ்ந்தாள். பையன் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டான் என்று அந்த ஆள் சொன்னான். தைமி எயினோவின் பெயரைத் தேடினாள், பிறகு 'லம்பி' என்று தேடினாள். எதுவும் இல்லை. இதுதான் முதல் தடவை என்று நம்பி, வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

சில வாரங்களில் பையன் கை முறிந்து, தலையில் அடியோடு மருத்துவமனையில் கிடந்தான். கீழ்வீட்டுப் பெண், தான் முன்பே குழந்தை நலப் பிரிவுக்குப் பலமுறை போன் செய்ததாகப் பத்திரிகையில் சொன்னாள்.

அவள் சொன்னது உண்மைதான். பையன் பெயர் அவளுக்குத் தெரியாது. 'லம்பியின் வீட்டுப் பையன்' என்றே சொல்லியிருந்தாள். ஆனால் பின்னிஷில் லம்பி என்ற பெயர் உருபு ஏறும்போது 'லம்மென்' ஆகிவிடும். வாலை எங்கே வெட்டினாலும் லம்பி வராது. மரம் என்று தேடுகிறவனுக்கு 'மரத்தை' கிடைக்காமல் போவது போல. பழைய தேடலில் தைமி 'லம்' என்று மட்டும் அடித்திருப்பாள், எல்லாம் வந்து விழுந்திருக்கும்.

இதைக் கண்டுபிடித்த அன்று ஹெல்கா கோட்டுகூடப் போடாமல் வெளியே போய்ப் பனியில் நின்றாள்.

தைமி சரியாகத் தேடவில்லை என்று சொல்லி அவளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். ஹெல்காவின் மேலாளர் யோர்மா பதமாகப் பேசினான். "எல்லாரும் பாத்து ஒத்துக்கிட்டதுதானே. கேட்டா சொல்லு. நீயா போய்த் தலையக் குடுக்காத."

விசாரணைக் கூட்டத்துக்கு அவளை யாரும் அழைக்கவில்லை. அவளே போனாள்.

"தைமி ஒழுங்காத்தான் தேடினா. இருந்தத காட்டாம விட்டது நான் கட்டுனது. பாதிப் பேருக்கு வரலன்னு அவ முன்னயே சொன்னா. நான் காதுல போட்டுக்கல."

யோர்மா மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு தைமியின் வீட்டுக்குப் போனாள். தைமி கதவைத் திறந்தாள், காபி வேண்டுமா என்று கேட்கவில்லை.

"நீ பேசினத சொன்னாங்க. அதுக்காக எனக்குத் தூக்கம் வந்துடுமா? நான் அவன் முகத்தப் பாத்தேன் ஹெல்கா. பாத்துட்டுத் திரும்பி வந்தேன்."



தைமி மேல் தவறில்லை என்று முடிவானது. ஆனாலும் அவள் அந்தப் பிரிவுக்குத் திரும்பவில்லை, முதியோர் பராமரிப்புக்கு மாறிக்கொண்டாள். பையன் வேறொரு குடும்பத்தில் வளர்கிறான். கை கூடிவிட்டது, ஒரு காது மட்டும் சரியாகக் கேட்பதில்லை.

ஹெல்கா சொல்லடைவைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டினாள். உருமாறும் பெயர்களும் பாதிச் சொற்களும் இப்போது அகப்படுகின்றன. கொஞ்சம் மெதுவாக வருகிறது, யாரும் குறை சொல்வதில்லை. வேலையில்லாத மதியங்களில் அவள் ஊரில் இருப்பவர்களின் பெயர் ஒவ்வொன்றையும் எல்லா உருபுகளிலும் அடித்துப் பார்க்கிறாள். வருகிறது. அடுத்ததை அடிக்கிறாள்.