இடப்பக்கம் மூன்று விரல்

இதை நான் சோடித்துச் சொல்லவில்லை. சோடிக்கத் தெரிந்திருந்தால் இன்னும் நம்பும்படியாகச் சொல்லியிருப்பேன். நாள், நேரம், அளவு எல்லாம் நடந்தபோதே என் நோட்டில் பென்சிலால் எழுதியவை. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தை மட்டும் நான் திருப்பிப் பார்ப்பதில்லை.

தொடங்கியது ஒரு சின்னக் குழப்பத்தில்தான். பதினோரு மீட்டர் மரப்படகு ஒன்று நங்கூரம் போட்டு நிற்கிறது. காற்று இல்லை, அலை இல்லை. மேலே ஆளோ வலையோ மீனோ கிடையாது. ஆனாலும் படகு இடப்பக்கமாக மூன்று விரல் சாய்ந்து நிற்கிறது. ஏன்?

என் பெயர் ஒதிலியா. சிலோயே தீவின் தெற்கே, கெல்யோன் துறையில் படகு எஞ்சின்கள் பழுது பார்க்கிறேன். பழைய படகு வாங்குகிறவர்கள் என்னை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போவார்கள். இந்த முறை வாங்கப்போனது என் தம்பி நிபால்தோ. மே மாதப் புயலில் எங்கள் படகு பாறையில் மோதிச் சிதறிவிட்டது. கம்ப்ரசரையும் குழாயையும் மட்டும்தான் மீட்டோம்.

நிபால்தோ முக்குளிப்பவன். பாறையில் ஒட்டியிருக்கும் முள் உருண்டையான கடல் முள்ளெலி எடுப்பான். படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வழியாக அவனுக்குக் காற்று போகும். அந்தக் குழாயை மேலே பிடித்துக்கொண்டு நிற்பவள் நான். ஆறு வருடமாக அதுதான் எங்கள் பழக்கம். ஆகவே எனக்குப் படகு என்பது வெறும் மரம் இல்லை. அவன் நுரையீரலில் பாதி. எலியொதோரோ என்பவர் விற்கும் அந்தப் படகில் அவனை நம்பி இறக்கலாமா, கூடாதா? அதைச் சொல்லத்தான் போனேன்.

ஜூன் மாதம், எங்கள் ஊரில் குளிர்காலம். செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 3.50. கரையிலிருந்து முதலில் பார்த்தபோதே சாய்வு தெரிந்தது.

"என்ன அண்ணே, ஒருபக்கமா நிக்குது?" என்று எலியொதோரோவிடம் கேட்டேன்.

"ஓதம் திரும்புதும்மா." அவர் படகைப் பார்க்காமலே சொன்னார்.

கடல் ஏறி இறங்கும் ஓதம் படகைத் திருப்பும், சாய்க்காது. இது அவருக்கும் தெரியும்.

மறுநாள் காலை கடல் வற்றியதும் படகு மணலில் உட்கார்ந்தது. எங்கள் பக்கம் ஓதம் ஆறேழு மீட்டர் இறங்கும். படகின் அடியைப் பார்க்கக் கிரேன் தேவையில்லை. ஏழரை மணிக்குத் தொடங்கினேன்.

பழைய மரப்படகில் முதலில் பெயிண்டைப் பார்த்து மயங்கக் கூடாது. புதுப் பெயிண்டுக்கு அடியில்தான் பழைய பொய் இருக்கும். சுத்தியல் பிடியால் ஒவ்வொரு பலகையையும் தட்ட வேண்டும். 'டங்' என்றால் மரம் உயிரோடு இருக்கிறது. 'தொப்' என்றால் உள்ளே மாவாகிவிட்டது. குத்தூசி வைத்தால் அப்படியே இறங்கும். பலரும் நீருக்கு அடியில் இருக்கும் பலகைகளைத்தான் சந்தேகப்படுவார்கள். ஆனால் உப்புத் தண்ணீர் மரத்தை ஊறுகாய் போலக் காப்பாற்றும். அழுக வைப்பது மழைத் தண்ணீர். அதனால் நான் கேபின் ஜன்னலுக்குக் கீழும் மேல்தள மூலைகளிலும் அதிக நேரம் குத்துவேன்.

"அக்கா, நீ படகு பாக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்றான் நிபால்தோ.

"பொண்ணுன்னா இவ்ளோ நேரம் ஆகாதுடா."

"இப்படித் தட்டிக்கிட்டே இருந்தா இல்லாத ஓட்டையும் விழுந்துரும்மா," என்றார் எலியொதோரோ.

ஓட்டை எதுவும் விழவில்லை. அடிக்கட்டையின் நீளத்துக்கு நூல் பிடித்துப் பார்த்தேன்; நேர். இரண்டு பக்கமும் அளந்தேன். அரை விரல்கூட வித்தியாசம் இல்லை. ஆணித் தலைகளில் துரு வழியவில்லை.

பதினோரு மணிக்குப் படகு மிதந்தது. அடியில் நீர் கசியவில்லை. எஞ்சினைக் கையால் தொட்டேன்; சில்லென்று இருந்தது. இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். விற்கிறவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், குளிரில் கிளம்ப மறுக்கும் எஞ்சினும் அன்று சமர்த்தாகக் கிளம்பிவிடும். இது குளிரிலேயே இரண்டாம் சுற்றில் பிடித்தது. நீலப் புகை இல்லை. எண்ணெய் பால் நிறத்தில் இல்லை. விசிறித் தண்டு வெளியே போகும் இடத்தில் நிமிடத்துக்கு நான்கு சொட்டு. அப்படித்தான் சொட்ட வேண்டும். காய்ந்திருந்தால் தண்டு தேய்ந்துவிடும்.

ரசமட்டத்தை மேல்தளத்தில் குறுக்காக வைத்தேன். குமிழி நட்ட நடுவில் நின்றது.

நேற்றைய மூன்று விரல் எங்கே போயிற்று?

"எல்லாம் சரியா இருக்குல்ல? வாங்கிரலாமா?" என்றான் தம்பி.

"நேத்து பார்த்த நேரத்துல இன்னொரு தடவை பார்த்துட்டுச் சொல்றேன்."

"சாயங்காலம் கல்புக்கோ ஊர்லேர்ந்து இதை வாங்க இன்னொரு ஆள் வர்றான்கா."

"வரட்டும். தண்ணிக்குள்ள இறங்கப் போறது அவனா, நீயா?"

எலியொதோரோவும் கூட இருப்பார் என்று நினைத்தேன். மூன்று மணி ஆனதும் அவர் தோணியில் இறங்கி உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க இருந்து பாருங்கம்மா. மூணு மணிக்கு மேல நான் இதுல இருக்கறதில்லை. முட்டி வலி."

முட்டி வலிக்கு மணிக்கணக்கு உண்டா? அவரும் தம்பியும் கரைக்குப் போனார்கள்.

நான் தனியாக இருந்தேன். பட்டப்பகல்தான், அதை அழுத்திச் சொல்கிறேன். 3.20-க்கு மூடுபனி இறங்கியது. கரை மறைந்தது. கடல் கண்ணாடி போலக் கிடந்தது.

3.31. எங்கோ ஒரு கம்ப்ரசர் ஓடும் சத்தம். பட்... பட்... பட்... பனிக்குள் வேறொரு முக்குளிப்புப் படகு என்று நினைத்தேன். பழைய மாதிரி, வால்வு கொஞ்சம் தட்டுகிறது. இந்தப் படகில் கம்ப்ரசர் கிடையாது. எலியொதோரோ எப்போதோ விற்றுவிட்டாராம்.

சத்தம் வந்த திசையைக் கண்டுபிடிக்க முயன்றேன். முன்னால் போய்க் கேட்டேன், பின்னால் போய்க் கேட்டேன். எங்கே நின்றாலும் ஒரே தூரத்தில்தான் கேட்டது.

3.40. சத்தம் இருமியது. இரண்டு முறை.

நின்றுவிட்டது.

பெட்ரோல் தீர்ந்தால் அப்படித்தான் நிற்கும். யாராவது ஓடிப்போய் ஊற்றுவார்கள். நான் காத்திருந்தேன்.

யாரும் ஊற்றவில்லை.

ரசமட்டத்தைப் பார்த்தேன். குமிழி நகர்ந்துகொண்டிருந்தது. மெல்ல... வலப்பக்கமாக. அதாவது படகு இடப்பக்கம் இறங்குகிறது. ஒரு விரல்... இரண்டு... மூன்று.

இடது விளிம்பில் 'கிர்ர்' என்று ஒரு முனகல். கனமான கயிறு மரத்தில் உரசும் சத்தம். கயிறு எதுவும் இல்லை.

அங்கே போனேன். விளிம்பில் கயிறு சுற்றிக் கட்டும் இரும்புக் கொம்பு ஒன்று இருந்தது. பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. ஐஸ் போலக் குளிர்ந்தது. ஈரம். பழக்க தோஷத்தில் நோட்டில் எழுதினேன்: 'இடது கொம்பு. உறுதி. போல்ட் இரண்டு. துரு.'

கொம்புக்குப் பக்கத்தில் விளிம்பு மரத்தில் ஒரு பள்ளம். கட்டைவிரல் அகலம். குழாய் உரசி உரசித் தேய்ந்த பள்ளம். அதில் கை வைத்தேன்.

ஏதோ என் உள்ளங்கையை அழுத்தியபடி கீழே போனது.

ஒன்று... இரண்டு... மூன்று.

எங்கள் கடலில் முக்குளிப்பவன் கீழேயிருந்து குழாயை ஒரு இழுப்பு இழுத்தால் 'நலம்'. இரண்டு என்றால் 'குழாயை இன்னும் விடு'. மூன்று என்றால் 'தூக்கு, உடனே தூக்கு'. ஆறு வருடம் அந்த மூன்றுக்காகவே காத்து நின்ற கை இது. என் கைகள் தாமாகவே இழுக்கத் தொடங்கின.

இழுக்க எதுவும் இல்லை.

மறுபடி மூன்று. இன்னும் பலமாக.

மறுபடி மூன்று.

பிறகு எண்ண முடியவில்லை. வரிசை இல்லாமல்... வெறிபிடித்த மாதிரி...

தண்ணீரில் குமிழிகள். இடப்பக்கம். நிறைய.

கொஞ்சம்.

ஒன்று.

4.02. படகு ஒரு குலுக்கலோடு நிமிர்ந்தது.

தம்பி தோணியில் வந்தபோது 4.15. நான் கேபின் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

"என்னக்கா, முகம் இப்படி வெளுத்திருக்கு?"

"வேண்டாம்டா இது."

அவன் சிரிக்கவில்லை. "கை கொடுத்துட்டேனேக்கா. அந்த கல்புக்கோ ஆள் வந்துட்டான். காலைல நீ தட்டிப் பார்த்ததுல ஒரு குறையும் இல்லையே."

எங்கள் துறையில் படகுக்குக் கை கொடுத்தால் கொடுத்ததுதான். மாற்றிப் பேசுகிறவனோடு அப்புறம் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள்.

வியாழன் காலை எலியொதோரோ வீட்டுக்குப் போனோம். அடுப்படியில் மாத்தே என்னும் இலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் நேரத்தை மட்டும்தான் சொன்னேன். மூன்று நாற்பது, நான்கு இரண்டு. அவர் குவளையைக் கீழே வைத்துவிட்டார்.

"என் மச்சான்மா. அபெலினோ. எட்டு வருஷம் ஆச்சு," என்றார். "பதினெட்டு மீட்டர்ல இருந்தான். குழாய் நான் பிடிச்சிருந்தேன். குளிரு... விரல் மரத்துப்போச்சு. மாத்தேக்கு தண்ணி வைக்கலாம்னு குழாயை அந்தக் கொம்புல ஒரு சுத்து சுத்திக் கட்டிட்டு உள்ள போனேன். அடுப்புச் சூட்டுல அசந்துட்டேன்."

"பெட்ரோல்?"

"தீர்ந்துருச்சு. குழாயை இடுப்புல கட்டியிருந்தான், எல்லாரையும் மாதிரி. அது பாறையிடுக்குல சிக்கிக்கிச்சு. நான் மேலேர்ந்து இழுத்திருந்தா வந்திருப்பான்." அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இழுத்திருக்கான்மா. எத்தனை தடவை இழுத்தானோ. என் கையை இல்ல. இரும்பை இழுத்திருக்கான்."

நிபால்தோ எழுந்து வெளியே போனான். எனக்குக் கோபம் வந்தது.

"அவ்வளவு நடந்தும் அந்தக் கொம்பை அப்படியே வச்சிருக்கீங்களே அண்ணே. நேத்து நானே ஆட்டிப் பார்த்தேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தக் கொம்பு? அடக்கம் பண்ணின மறுநாளே கழட்டிக் கடல்ல போட்டுட்டேனே."

படகுக்குப் போய்ப் பார்த்தோம். இடது விளிம்பில் கொம்பு இல்லை. மரத்தக்கை அடித்து அடைத்த இரண்டு போல்ட் துளைகள் இருந்தன. அவற்றின் மேல் எட்டு வருடப் பெயிண்ட், கீறல்கூட விழாமல்.

நோட்டைத் திறந்தேன். 'இடது கொம்பு. உறுதி. போல்ட் இரண்டு. துரு.' என் கையெழுத்துதான். பக்கத்தின் ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை... துருவில்.

படகு எங்களுடையதாகிவிட்டது. வேறு படகுக்கு வழியில்லை. பாதிரியார் வந்து மந்திரித்தார், மறுநாள் 3.40-க்குச் சாய்ந்தது. படகு நிலையாக நிற்க அடித்தளத்தில் போட்டிருந்த பாரக் கற்களில் இருநூறு கிலோவை வலப்பக்கம் மாற்றினேன். அப்போதும் அதே மூன்று விரல். நிபால்தோ கடலில் இறங்குவதை நான் தடுத்து வைத்திருந்தேன். அவன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

நான்காம் நாள் எனக்குத் தெரிந்த வழியில் யோசித்தேன். சாய்வு என்றால் பாரம். ஒரு பாரம் இழுத்துக்கொண்டே இருக்கிறது என்றால், அதை இன்னும் யாரும் தூக்கவில்லை.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். பிற்பகல் மூன்றரைக்குள் நிபால்தோ மேலே வந்துவிட வேண்டும். கம்ப்ரசரை நிறுத்தக் கூடாது. டேங்க்கில் பெட்ரோல் நிறைய இருக்க வேண்டும். ஆள் இல்லாத குழாய் ஒன்றை இடது விளிம்பு வழியாகப் பதினெட்டு மீட்டர் இறக்க வேண்டும். அதை எதிலும் கட்டக் கூடாது. எவ்வளவு குளிரானாலும் ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். 3.40-க்கு மூன்று இழுப்பு வரும். வந்ததும் நுனி வரை மேலே இழுக்க வேண்டும். கனமாகத்தான் இருக்கும்; பாதியில் விடக் கூடாது. நுனி வெறுமையாக வரும். படகு நேராக நிற்கும்.