போட்டிருப்பதே தெரியாது

போர்ட் பிளேரில், அபர்தீன் பஜாரில் ஒரு துணிக்கடையின் உள்ளறையில், ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால், என் மகள் சொல்லச் சொல்ல நான் ஒரு முழங்காலை இடுப்புவரை தூக்கினேன். பிறகு மற்றதை. பிறகு குந்தி எழுந்தேன். பிறகு கூரையைத் தொடப்போகிறவள்போல இரண்டு கைகளையும் மேலே நீட்டினேன்.

"சட்டை மேல ஏறுதாம்மா?"

"இல்ல."

"குந்தும்போது பின்னாடி இறங்குச்சா? தொடையில பிடிக்குதா?"

"இல்லடி."

"அப்ப ஃபிட். மலைக்குப் போடுற துணிக்கு அவ்வளவுதான் பரீட்சை. பாஸாயிட்ட."

கதவுக்கு வெளியே அவள் சிரிப்பது கேட்டது. கல்லூரி முடித்து வந்திருந்தாள். வேலை கிடைத்துவிட்டது, மெயின்லேண்டில், வடக்கே, பேரைச் சொன்னாலே குளிரெடுக்கும் ஒரு மலை ஊரில். போனால் திரும்ப மாட்டாள். அவள் அப்படிச் சொல்லவில்லை. தீவில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. கப்பல் துறையிலும் விமான நிலையத்திலும் கையாட்டிக் கையாட்டியே எங்களுக்குத் தோள்பட்டை தேய்ந்துவிடுகிறது.

போவதற்கு முன் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "ஒரு நாள் என்கூட மவுண்ட் ஹாரியட் ஏறணும். நீயும் நானும் மட்டும். நீ என்கூட எங்கயுமே வந்ததில்லைம்மா."

மெய்தான். கடற்கரைக்கு வந்ததில்லை, படகில் ஏறியதில்லை, பள்ளிக்கூடம் ஹேவ்லாக் தீவுக்குக் கூட்டிப்போனபோது எல்லா அம்மாக்களும் போக நான் மட்டும் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். இந்த ஒரு நடையையாவது அவளுக்குக் கொடுத்து அனுப்ப வேண்டும். அது போதும், அதற்குமேல் கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் அந்த நாட்களில். சமைக்கும்போதும், துணி மடிக்கும்போதும், டெலானிபூர் ஏற்றத்தில் காய்கறிப் பையோடு மூச்சுவாங்க ஏறும்போதும் அதே நினைப்பு.

என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சோபாவிலிருந்தே சிரித்தார். "உங்கம்மாவா? மலையா? பால் வாங்கப் போறதுக்கே ஆட்டோ வருமான்னு பாக்குற ஆளு."

"தினம் இந்த ஏத்தத்துல காய்கறி சுமந்து வர்றது யாரு, உங்க ஆபீஸ் ப்யூனா?" என்றேன்.

ஏறத் தெரியாதவள் இல்லை நான். என் அம்மா இலங்கையின் தேயிலை மலைகளில் கொழுந்து பறித்தவள். பனியும் முள்ளும் படாமலிருக்க இடுப்பில் சாக்கைச் சுற்றிக் கட்டுவார்கள், படங்கு என்பார்கள். எங்கள் குடும்பத்தில் மலை ஏறுவதற்கென்று ஓர் உடுப்பு இருந்ததென்றால் அது சாக்குதான். தடித்த, முரட்டுச் சாக்கு. அதை எந்தக் காற்றும் எடுத்துப்போகாது.

மகள் தேர்ந்தெடுத்திருந்ததோ நேர்மாறு. வெளிர்சாம்பல் நிறத்தில் ஒரு காற்சட்டை, இலைப்பச்சையில் முழுக்கைச் சட்டை. சுருட்டினால் ஒரு டம்ளருக்குள் திணித்துவிடலாம். "காட்டன் மட்டும் கூடவே கூடாதும்மா. வேர்வையக் குடிக்கும், மழையக் குடிக்கும், குடிச்சிட்டு உன் மேலயே உக்காந்துக்கும். தொடை உரசிப் புண்ணாயிடும். இது நனைஞ்சாலும் நடக்க நடக்கக் காஞ்சிடும். முழுக்கை மணல்பூச்சிக்கு. வெளிர் நிறம், அட்டை ஏறினா கண்ணுக்குத் தெரியறதுக்கு." பரீட்சைக்குப் படித்தவள்போல ஒப்பித்தாள். நான் கதவைத் திறந்து நின்று தலையாட்டினேன். ஆட்டிக்கொண்டே காற்சட்டையின் இடுப்பை இரு கையாலும் பிடித்து வெடுக்கென்று கீழே இழுத்தேன். இன்னொரு முறை, பலமாக.

கடைக்காரர் வங்காளி. பதறிவிட்டார். "அரே ஆண்ட்டி, ஃபட் ஜாயேகா!"

கிழியுமா என்று நான் பார்க்கவில்லை. கழலுமா என்று பார்த்தேன்.

"அம்மா எந்தத் துணியையும் இப்படித்தான் பாக்கும், அண்ணே," என்று மகள் அவருக்கு இந்தியில் சமாதானம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, கண்ணாடியில் என்னைப் பார்த்து, உண்மையான சந்தோஷத்தோடு சொன்னாள்: "எவ்வளவு நல்லாருக்கு தெரியுமா உனக்கு? வெயிட்டே இல்ல. நடக்கும்போது போட்டிருக்கறதே தெரியாதும்மா."

எனக்கும் தெரிந்தது, நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடியில் நின்றவள் மலை ஏறக்கூடிய ஒருத்தி. அகன்ற இடுப்பை அந்தச் சாம்பல் துணி ஏளனம் செய்யவில்லை. இத்தனை வருடத்தில் என் உடம்புக்கென்று வெட்டியதுபோல ஒரு துணி என் மேல் விழுந்தது அன்றைக்குத்தான். அந்த நிமிடமே என் கை இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டது. போட்டிருப்பதே தெரியாது.

அப்போது நாங்கள் ஹட் பேயில் இருந்தோம். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மெல்லிய வாயில் சேலை கட்டியிருந்தேன். வீட்டில் கட்டும் பழைய சேலை. வெளுத்து வெளுத்துக் காற்றாகிப்போனது. மகள் அப்போது சின்னவள்; விடுமுறைக்குப் போர்ட் பிளேரில், புரோத்ராபூரில் என் தங்கை வீட்டில் இருந்தாள். என் வீட்டுக்காரர் தீவின் உள்ளே, மேட்டில், எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில். கரையோர வீட்டில் நான் மட்டும். தண்ணீர் வந்ததைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், எல்லோரும் சொல்லிவிட்டார்கள். தண்ணீருக்கு விரல் உண்டு என்பதை மட்டும் நான் எங்கும் படிக்கவில்லை. கொசுவத்தைத் தேடிப் பிடுங்கியது. முடிச்சைத் தேடி அவிழ்த்தது. ஒரு புன்னைமரக் கிளையில் நான் சிக்கிக்கொண்டபோது என் மேல் ஒன்றுமில்லை.

கீழே ஆட்கள் மேட்டை நோக்கி ஓடினார்கள். என்னைக் கண்டு நின்றார்கள். "உதரோ! உதரோ!" இறங்கு, அடுத்தது வருகிறது. நான் இறங்கவில்லை. மானம் பெரிதா உயிர் பெரிதா என்றெல்லாம் அந்தக் கிளையில் நான் யோசிக்கவில்லை. உடம்பு தானாக மரத்தோடு ஒட்டிக்கொண்டது, பட்டையாக மாறிவிடப் பார்த்தது. கடைசியில் ஒருவர் தன் லுங்கியை அவிழ்த்துச் சுருட்டி மேலே எறிந்துவிட்டு, கால்சராயோடு, எனக்கு முதுகு காட்டி நின்றார். கடலைப் பார்த்தபடி நின்றார். அவர் எந்த ஊர், எந்த பாஷை, பிறகு பிழைத்தாரா, எதுவும் தெரியாது.

வீட்டில் இந்தக் கதைக்கு வேறு வடிவம். அம்மா மரத்தைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. அவ்வளவுதான் என் வீட்டுக்காரருக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். பள்ளியில் 'என் தைரியசாலி' என்று கட்டுரை எழுதிப் பரிசு வாங்கி வந்தாள். அந்தத் தைரியசாலியிடமிருந்து என்னால் இறங்கி வரவே முடியவில்லை.

போர்ட் பிளேரில் நாங்கள் தங்கியிருந்த நிவாரண முகாமுக்கு மெயின்லேண்டிலிருந்து மூட்டை மூட்டையாகத் துணி வந்தது. தீவுக்கு ஸ்வெட்டர் அனுப்பியிருந்தார்கள். கோட்டுகூட ஒன்று வந்தது. ஜனங்கள் சிரித்தார்கள், பல நாளுக்குப் பிறகு முகாமில் கேட்ட சிரிப்பு அது. நான் மட்டும் அந்தக் குவியலில் மிகக் கனமானதைத் தேடினேன். அன்றிலிருந்து தடித்த காட்டன் சுடிதார், நாடாவில் முடிச்சின் மேல் முடிச்சு, அதன் மேல் ஊக்கு, உள்ளே இன்னொரு கால்சட்டை. புழுங்கிச் சாகும் தீவில். "பார்சல் ஆபீஸ் கட்டு," என்பார் என் வீட்டுக்காரர். சிரித்துவிட்டு நகர்வேன்.

புறப்படும் நாள் காலையில் அந்தச் சாம்பல் காற்சட்டையைப் போட்டேன். வாசல்வரை வந்தேன். காற்று வந்து காலில் பட்டது. துணி எங்கே என்று கை தேடியது, இருந்தது, மறுபடி தேடியது. "செருப்ப மாத்திட்டு வரேன்," என்று உள்ளே போய், மேலே என் பழுப்புச் சுடிதார் பேண்ட்டை ஏற்றி இறுகக் கட்டிக்கொண்டேன். சட்டைக்கு மேல் குர்த்தா. மகள் பார்த்தாள். வருகிறாளே, அது போதும் என்று நினைத்திருப்பாள்.

சாத்தாமிலிருந்து மலை இருக்கும் கரைக்கு, பேம்பூ ஃப்ளாட்டுக்குக் கடலைக் கடந்த நேரம் முழுக்க ஃபெரியில் ஒரு ஜீப்புக்கும் லாரிக்கும் நடுவில், தண்ணீர் தெரியாத இடத்தில், இடுப்பைப் பிடித்தபடி நின்றேன். அவள் என் தோளில் கை போட்டிருந்தாள். "நீ வந்துட்டம்மா," என்றாள், நம்பாதவள்போல. "நிஜமாவே வந்துட்ட."

மழை விட்டுவிட்டது என்று ஊரே சொன்ன மாதம். தீவு மழை ஊர் சொல் கேட்டதில்லை. பாதை காட்டுக்குள் நுழைந்து வளையத் தொடங்கியதுமே பிடித்துக்கொண்டது. அவள் சொன்னது அத்தனையும் நடந்தது. காட்டன் குடித்தது. குடித்துவிட்டு என் மேலேயே உட்கார்ந்தது. நனைந்த குர்த்தா கழுத்தைக் கீழே இழுத்தது, இரண்டு காற்சட்டைகளும் ஒன்றோடொன்று ஒட்டித் தொடையைத் தேய்த்தன, ஒவ்வொரு அடிக்கும் ஒரு குடம் தண்ணீரைச் சேர்த்துத் தூக்கினேன். முன்னால் அவளுடைய பச்சைச் சட்டை இலைகளுக்குள் போய்ப்போய்த் திரும்பி வந்தது. ஒரு வேரில் உட்கார்ந்துவிட்டேன். எழ முடியவில்லை.

"உள்ள அதைத்தானே போட்டிருக்க?" என்றாள் குனிந்து. "மேல இருக்கறத கழட்டிடும்மா. பைக்குள்ள வச்சுக்கறேன். இங்க யாரு இருக்கா?"

யாரும் இல்லைதான். மரங்களும் மழையும். என் கை முடிச்சுக்குப் போனது. நனைந்து இறுகிய முடிச்சு. விரல் அதில் பட்டதும் காடு முழுக்க ஓர் இரைச்சல் கேட்டது; மழைதான், மழையென்று எனக்குத் தெரியும்; என் விரலுக்குத் தெரியவில்லை. தண்ணீர் எதைத் தேடியதோ அதை நானே அவிழ்த்துக் கொடுப்பதா? இன்னொரு கையால் ஒரு மரத்தை இறுகப் பிடித்திருந்தேன். எப்போது பிடித்தேன் என்று தெரியாது.

"ஏம்மா?"

"வேணாம்."

"நான் பாத்துப் பாத்து வாங்கிக் குடுத்தா மட்டும் உனக்கு ஒத்துக்காது, இல்ல? உள்ள ஒளிச்சுப் போட்டுக்குவ, மேல அந்தப் பழசு." அவள் குரல் உடைந்தது. "வர இஷ்டமில்லன்னா முதல்லயே சொல்லியிருக்கலாமே."

சொல்ல வாய் திறந்தேன். கடவுளே, திறந்தேன். மரம், லுங்கி, முதுகு காட்டி நின்ற மனிதர், எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றன. அவள் முகத்தைப் பார்த்தேன். கட்டுரை எழுதிய அதே முகம்.

"நீ ஏறிட்டு வா, பாப்பா," என்றேன். "நான் இங்க உக்காந்திருக்கேன்."

பையை மறுதோளுக்கு மாற்றினாள். பிறகு ஏறினாள். அவள் காலடி ஓசைகூடக் கேட்கவில்லை, அவ்வளவு இலேசாக ஏறினாள். நான் வேரில் உட்கார்ந்து, கெண்டைக்காலில் அட்டைகள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழுப்புத் துணியில் அவை கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. தட்டிவிடவும் தோன்றவில்லை. குடித்துக்கொள்ளட்டும்.

அவள் இறங்கி வந்தபோது வெயில் வந்திருந்தது. அவள் உடுப்பு காய்ந்திருந்தது. "நல்லாருந்துச்சா?" என்றேன். "ம்," என்றாள். ஃபெரியில் அவள் மேல்தளத்துக்குப் போய்க் கடலைப் பார்த்தாள். நான் கீழே லாரியோரம், சொட்டச் சொட்ட.

அதற்குப் பிறகு போகும்வரை என்னிடம் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டாள். சண்டையே இல்லை. சண்டை போடுகிற பிள்ளை திரும்பி வரும்.

இப்போது அந்த வடக்கு ஊரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள். அப்பாவின் சர்க்கரை, வீட்டுத் தண்ணீர்க் குழாய், சாப்பிட்டாயா. ஒருமுறை, பேச்சு தீர்ந்துபோன ஓர் இடைவெளியில், அவளாகவே சொன்னாள்: "போன வாரம் எங்க செட்டோட மலைக்கு ஒரு ஆண்ட்டி வந்தாங்க. உன் வயசுதான் இருக்கும்."

"ஏறுனாங்களா?"

"ஏறுனாங்களே. உச்சிவரைக்கும்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"என்ன போட்டிருந்தாங்க?"

அந்தப் பக்கம் காற்றின் சத்தம். யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் அவர்களுக்கு இந்தியில், சிரித்தபடி, இதோ வருகிறேன் என்றாள்.

"அதெல்லாம் யாரும்மா பாத்தா," என்றாள். "சரி, வச்சிடட்டுமா?"