பெர்ட்டா பீல் போடாத வாக்கு

1994 மார்ச் 7. சாலைச் செலவு. ஆம் 131, இல்லை 96.
2002 நவம்பர் 5. தீயணைப்பு வண்டி. ஆம் 166, இல்லை 165.
2009 ஜூன் 9. பள்ளிக்கூடக் கூரை. ஆம் 122, இல்லை 88.
2013 ஜூன் 11. தெற்குச் சேற்றுத்திட்டைக் குத்தகைக்கு விடுவது. ஆம் 118, இல்லை 117.

முதல் மூன்று தடவையும் பெர்ட்டா பீல், வெண்டல் லிபி இருவருமே வாக்களிக்கவில்லை. நான்காவது தடவை இருவரில் ஒருவர் வாக்களித்தார்.

மெய்ன் கடற்கரையிலுள்ள எங்கள் பின்கம் துறையில் நான் முப்பத்தெட்டு ஆண்டுகள் ஊர் எழுத்தராக இருந்தேன். தேர்தல் நாளன்று வாக்காளர் பட்டியல் என் மேசையில் இருக்கும். யார் எப்படி வாக்களித்தார் என்பது எனக்குத் தெரியாது. யார் வந்தார், யார் வரவில்லை என்பது தெரியும். ஆனால் பெர்ட்டாவும் வெண்டலும் எப்படி வாக்களிப்பார்கள் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அவன் ஆம் என்றால் அவள் இல்லை. பக்கத்துப் பக்கத்து வீடு. அவனுடைய பழைய வண்டியில் ஒன்றாக வருவார்கள், வழியெல்லாம் சண்டை போடுவார்கள், ஒருவர் வாக்கை ஒருவர் அடித்துவிட்டு ஒன்றாகத் திரும்பிப் போவார்கள்.

பெர்ட்டா கடற்சேற்றில் மட்டிச் சிப்பி தோண்டிப் பிழைத்தவள். பத்து வயதில் அப்பாவோடு சேற்றில் இறங்கியவள் அறுபத்தொரு வயது வரை ஏறவில்லை. கடல் வற்றும்போது போவாள். குட்டைப்பிடிக் கொத்தோடு இடுப்பை இரண்டாக மடித்து, பின்னோக்கி நகர்ந்துகொண்டே தோண்டுவாள். நிமிர்ந்து நடக்கும் பெர்ட்டாவைவிடக் குனிந்திருக்கும் பெர்ட்டாவைத்தான் எங்களுக்கு அடையாளம் தெரியும். கணவன் மெர்ல் தெற்கே ஒரு மீன்பிடிக் கப்பலில் வேலைக்குப் போனான், அங்கேயே இருந்துவிட்டான். மகள் ரோண்டாவை அவள் தனியாகவே வளர்த்தாள். யாரிடமும் ஒன்றும் கேட்டதில்லை. பனிக்காலத்தில் வெண்டல் அவள் வாசல் பனியைத் தள்ளிவிடுவான். பதிலுக்கு ஒரு கூடை மட்டி அவன் படியில் இருக்கும்.

1994இல் பனிப்புயல் அடித்த காலையில் வெண்டல் அவள் கதவைத் தட்டினான்.

"பெர்ட்டி, நீ இல்லைன்னுதானே போடப்போற?"

"பின்ன? உன் மூஞ்சிக்காக ஆம்னு போடுவேனா?"

"நான் ஆம். ரெண்டும் அடிபட்டுப்போகும். இந்தப் பனியில எதுக்கு வண்டியக் கவுக்கணும்? ஈடு போட்டுக்கலாம். நீயும் போகாதே, நானும் போகல."

கை குலுக்கினார்கள். அதற்குச் சட்டம் கிடையாது. ஆனால் எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம் அது. ஒருவரால் போக முடியாவிட்டால், எதிர்த்தரப்பில் ஒருவர் கை கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துவிடுவார். எழுதி வாங்குவதில்லை.

2002இல் வெண்டல் பித்தப்பைக் கல்லோடு மருத்துவமனையில் கிடந்தான். தீயணைப்பு வண்டி வாங்கலாமா என்று வாக்கெடுப்பு. அவன் தீயணைப்புக் குழுவில் இருந்தவன். அவளோ வரி ஏறும் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். ஈடு போட்டிருந்ததால் அவள் வரவில்லை. ஒரே வாக்கில் வண்டி வந்தது. அவள் வந்திருந்தால் சரிசமமாகி, தீர்மானம் தோற்றிருக்கும்.

கடையில் எல்லோரும் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். "வீட்ல உக்காந்துகிட்டே வெண்டலுக்கு வண்டி வாங்கிக் குடுத்துட்டியே!"

"கை குடுத்தேன். வண்டி நல்லாத்தான் இருக்கு, செவப்பா," என்றாள் பெர்ட்டா.

2013இல் வெளியூர் சிப்பி வளர்ப்பு நிறுவனம் ஒன்று தெற்குச் சேற்றுத்திட்டைப் பத்து ஆண்டுக் குத்தகைக்குக் கேட்டது. வெண்டலின் மகன் கர்ட்டுக்கு அங்கே மேற்பார்வை வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பெர்ட்டா தோண்டிய இடமும் அதுதான். வடக்குத் திட்டுக்குப் படகு வேண்டும், பாறை ஏற வேண்டும். அவள் முழங்கால் அதற்குத் தாங்காது. தெற்கு போனால் அவள் பிழைப்பும் போயிற்று.

வாக்கெடுப்புக்கு மூன்று நாள் முன்பு, சனிக்கிழமை, பாசிக் கல்லில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். நாற்பத்தாறு மைல் தள்ளியிருந்த மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

தபாலில் வாக்குச்சீட்டுக் கேட்கும் கெடு முடிந்திருந்தது. ஆனால் இப்படித் திடீரென்று படுத்துவிட்டவர்களுக்குச் சட்டத்தில் வழி உண்டு. காரணத்தை எழுதிக் கொடுத்தால், அவர்கள் அனுப்பும் ஆள் கையில் சீட்டைத் தரலாம். தேர்தல் நாள் இரவு எட்டு மணிக்குள் அது என் மேசைக்குத் திரும்ப வேண்டும். திங்கட்கிழமை ரோண்டா வந்து வாங்கிப் போனாள். பெர்ட்டா படுக்கையிலேயே குறியிட்டு, உறையை ஒட்டி, மேலே கையெழுத்திட்டாள். உறையோடு ரோண்டா கிளம்பும் நேரத்தில் வெண்டல் உள்ளே வந்தான், கையில் ஒரு பை டோனட். நடந்ததைப் பின்னால் ரோண்டாதான் என்னிடம் சொன்னாள்.

"எங்க கெளம்பிட்ட, மூடுபனி இப்படி இருக்கு?" என்றானாம்.

"அம்மா ஓட்டைக் குடுத்துட்டு வரப்போறேன்."

"தொண்ணூறு மைல் போய்ட்டு வரணுமே! இவளப் பாத்துக்க யாரு? பெர்ட்டி, எப்பவும் போல ஈடு போட்டுக்கலாம். நாளைக்கு நான் வீட்டை விட்டு அசையமாட்டேன்."

"அம்மா, வேணாம்," என்றாள் ரோண்டா. "இது வண்டி வாங்கற விஷயம் இல்ல."

"வெண்டல் கை குடுத்தா குடுத்ததுதான்டி," என்று பெர்ட்டா கையை நீட்டினாள். அவன் குலுக்கினான். அவள் உறையை மகளிடமிருந்து திரும்ப வாங்கி மேசை இழுப்பறையில் போட்டாள்.

மறுநாள் இரவு ஏழே முக்காலுக்கு வெண்டல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தான். எனக்கு ஈடு விஷயம் அப்போது தெரியாது. உறை வரும் என்று காத்திருந்தேன்.

"பேரு?" என்றேன். தெரிந்தவரானாலும் கேட்பது முறை.

"அறுபது வருஷமாத் தெரியும், பேரு கேக்கறியா?"

"சொல்லணும்."

"வெண்டல் லிபி."

"பெர்ட்டா எப்படி இருக்கா? அவ சீட்டு இன்னும் வரல."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பட்டியல்ல என் பேரு இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"அப்போ சீட்டைக் குடு, லொரிங்."

கொடுத்தேன். எட்டு மணிக்குக் கதவைச் சாத்தினோம். எண்ணினோம். மறுபடியும் எண்ணினோம். அதே கணக்குத்தான்: ஆம் 118, இல்லை 117.

அடுத்த சனிக்கிழமை மருத்துவமனைக்குப் பெர்ட்டாவைப் பார்க்கப் போயிருந்தேன். நான் இருக்கும்போதே வெண்டல் வந்தான். டோனட் பை இம்முறையும் இருந்தது.

"அதைக் கீழ வை," என்றாள் பெர்ட்டா.

"பெர்ட்டி, கர்ட்டுக்கு ரெண்டு புள்ளைங்க."

"தெரியாதா எனக்கு? அதுங்க தின்ன மட்டியெல்லாம் யாரு தோண்டுனது?"

"ஈடுங்கறது வரி, வண்டி, கூரை இதுக்கெல்லாம்தான். இது வயித்துப்பாடு."

"என்னுது மட்டும் என்ன, பொழுதுபோக்கா?"

"ஏழு மணி வரைக்கும் வீட்லதான் இருந்தேன். சத்தியமா. கர்ட் பொண்டாட்டி வந்து அழுதா."

"ஏழு மணி வரைக்கும் யோக்கியன்! அதுக்கொரு பட்டயம் குடு லொரிங், சுவத்துல மாட்டிக்கட்டும்."

"நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"நானா? நீ இதே மாதிரி படுத்துக் கிடந்தப்போ நான் என்ன பண்ணேன்?"

பெர்ட்டா இழுப்பறையிலிருந்து உறையை எடுத்து என்னிடம் காட்டினாள்.

"இது செல்லுமா?"

"செல்லாது, பெர்ட்டா."

"திங்கக்கிழமையே போட்டது."

"எட்டு மணிக்குள்ள என் மேசைக்கு வந்திருக்கணும்."

அவள் அதை வெண்டலிடம் நீட்டினாள். "எடுத்துக்க. அன்னிக்கு இதுக்குத்தானே வந்தே."

அவன் வாங்கவில்லை. அவள் கையை மடக்கவும் இல்லை. கடைசியில் அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனான். நடைவழியில் என்னைப் பிடித்து, "திங்கக்கிழமை சொன்னப்போ மனசாரத்தான் சொன்னேன்," என்றான். இருக்கலாம்.

ஆகஸ்டில் தெற்குத் திட்டில் மஞ்சள் கொடி கட்டிய கழிகளை நட்டார்கள். முதல் கழியை அடித்தவன் கர்ட். பெர்ட்டா ஊன்றுகோலோடு ஒருநாள் கரை வரை வந்து பார்த்தாள். செப்டம்பரில் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் இருக்கும் ரோண்டாவிடம் போனாள். அந்தப் பனிக்காலம் முழுவதும் வெண்டல் ஆளில்லாத அந்த வாசலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். யாரும் அவனிடம் சொல்லவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. மார்ச் மாத ஊர்க்கூட்டத்துக்குத் தனியாக வந்து, பின்வரிசையில் உட்கார்ந்து, எதற்கும் கையைத் தூக்காமல் போனான்.

ரோண்டா வீட்டிலிருந்து பெர்ட்டா எனக்கு மூன்று கடிதம் எழுதினாள். முதலாவது வீட்டு வரி பற்றி. இரண்டாவது தண்ணீர்க் குழாயை மூடச் சொல்லி. மூன்றாவதில் நான்கே வரி:

"லொரிங், வாக்காளர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடு. இந்த ஊர்ப் பட்டியலிலும் சேர்த்துக்கொள்ளப் போவதில்லை. ஏன் என்று ரோண்டா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இங்கேயும் பக்கத்து வீட்டில் ஒருவர் இருக்கிறார், நல்ல மனிதர், நேற்று டோனட் கொண்டுவந்தார்."

கேட்டபடி பெயரின் மேல் கோடு போட்டேன். அதன் பிறகு அவள் எழுதவில்லை. அந்தக் கடிதம் வந்த தேதி 2014 ஏப்ரல் 17.