அண்ணியின் இளைப்பு

தஞ்சாவூரில் அண்ணியைச் சேர்த்திருந்த மருத்துவமனையின் பரிசோதனைக் கூடம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நான் லேப் டெக்னீசியன் என்று தெரிந்ததால், அங்கிருந்த பெண் மருத்துவர், "நீங்களே பாருங்க" என்று மைக்ரோஸ்கோப்பை விட்டு நகர்ந்து நின்றார். கண்ணாடித் தகட்டில் அண்ணியின் சளி இருந்தது. அதில் நூலிழை போல ஒரு புழு சுருண்டு, நிமிர்ந்து, மறுபடி சுருண்டது. தகட்டை நகர்த்திய இடமெல்லாம் புழுக்கள். மேல்மாடியில் அண்ணி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்.

அண்ணன் துபாயில் வேலை பார்க்கிறார். பூதலூர் பக்கம் இருக்கும் எங்கள் நிலத்தை அண்ணிதான் கவனித்துக்கொண்டார். நடவோ களையெடுப்போ, ஆட்களோடு தானும் வெறுங்காலோடு சேற்றில் இறங்கிவிடுவார். அவருக்கு மூச்சிளைப்பு வந்தபோது ரத்தம் எடுத்துப் பார்த்தவன் நான்தான். ஈசினோபில் என்ற வெள்ளணுக்கள் எக்கச்சக்கமாக இருந்தன. எங்கள் பக்கத்தில் அதைப் பார்த்து யாரும் பதறுவதில்லை. ஈஸ்னோபீலியா, தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடுவோம். உள்ளூர் மருத்துவர் ஐந்து நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாளே அண்ணி வயலுக்குக் கிளம்பிவிட்டார்.

மாத்திரையை நிறுத்தியதும் இளைப்பு திரும்பி வந்தது. "அந்தச் சின்ன மாத்திரையே வாங்கிட்டு வா தம்பி. அதுக்குத்தான் கேக்குது" என்றார். மறுபடி மருத்துவரைப் பார்க்க அவருக்கு நேரமில்லை, எனக்கும் அவசியமாகத் தோன்றவில்லை. சீட்டு இல்லாமலே கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். சம்பா நடவில் தொடங்கி அறுவடை வரைக்கும் வாங்கிக் கொடுத்தேன்.

நடுவில் ஒருமுறை அவருடைய ரத்தத்தை மறுபடி பார்த்தேன். ஈசினோபில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். "எல்லாம் நார்மல் அண்ணி" என்றேன். "அப்ப உங்க அண்ணனுக்குச் சொல்லிடு, பயந்துக்கிட்டே இருக்காங்க" என்றார். அன்றைக்கே அண்ணனுக்குப் போன் செய்தேன்.

அறுவடை முடிந்த வாரம் வயிற்றுவலியில் படுத்தார். பிறகு இருமலில் ரத்தம் வந்தது.

தஞ்சாவூரில் அந்தப் பெண் மருத்துவர் எனக்குப் பொறுமையாகச் சொன்னார். "சேத்துலேர்ந்து கால் தோல் வழியா உள்ள போற புழு இது. நுரையீரலுக்கு வந்து, சளியோட தொண்டைக்கு ஏறி, குடலுக்கு இறங்கிடும். அங்கயே வருஷக்கணக்கா குட்டி போட்டுக்கிட்டு இருக்கும். உடம்பு அதைப் பெருக விடாம அடக்கி வச்சிருந்தது. நீங்க பார்த்த ஈசினோபில் அதுக்குத்தான் வந்தது. இளைப்பே அதனால வந்திருக்கலாம். ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை நிறுத்திடுச்சு."

நான் நார்மல் என்று சொன்ன நாளில் அண்ணியின் உடம்பு போராடுவதை விட்டிருந்தது. குடலிலிருந்து புழுக்களோடு கிருமிகளும் ரத்தத்தில் கலந்துவிட்டன. புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள். நான்காம் நாள் அண்ணி இறந்துபோனார். அந்தப் புழு மருந்தை ஆரம்பத்திலேயே கொடுத்திருந்தால் இரண்டு நாள் மாத்திரையோடு முடிந்திருக்கும்.

காரியமெல்லாம் முடிந்து துபாய்க்குக் கிளம்பிய அன்று அண்ணன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். குரலில் கோபமில்லை. "ரிப்போர்ட் நல்லா இருக்குன்னுதானே சொன்ன?"

ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் போனில் நிலத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்.

நான் இன்னும் அதே லேபில்தான் வேலை பார்க்கிறேன். ஈசினோபில் கூடுதலாக இருப்பவர்கள் வாரத்துக்கு நாலைந்து பேராவது வருகிறார்கள். போன மாதம் வந்த ஒரு பெண்ணின் காலில் சேறு காய்ந்திருந்தது. பையில் அதே மாத்திரை அட்டை இருந்தது. உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மலம் பரிசோதித்துப் புழு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம், டாக்டரிடமும் நானே பேசுகிறேன் என்று சொல்லி, மலம் எடுத்துவர ஒரு டப்பாவும் கொடுத்தேன்.

"இதைப் போட்டாத்தாங்க மூச்சு விட முடியுது. நாளைக்கு நடவு இருக்கு" என்றார்.

நான் கொடுத்த டப்பாவை மேசையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்.