எண்ணெய் டின் கதவு

காலி எண்ணெய் டின்களைப் பிளந்து, தட்டி நிமிர்த்தி, சட்டத்தில் ஆணியடித்துச் செய்த கதவு அது. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுக்காக அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த டின்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்வதுபோல் படம் போட்டிருக்கும். தகரத்தை அடித்தவர் அவசரக்காரர் போலும். சில கைகள் தலைகீழாகக் குலுக்கிக்கொண்டிருந்தன, சில நடுவில் ஆணி வாங்கியிருந்தன. காலி டின்களை ஏலம் விட்டுத் தொகையைக் கருவூலத்தில் கட்ட வேண்டும் என்பது விதி. கதவு செய்யலாம் என்று எங்கும் இல்லை. வாலிப வயதில் சிலருக்கு எதைப் பார்த்தாலும் கவிதை தோன்றும். எனக்குத் தணிக்கை ஆட்சேபணை தோன்றும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் பஞ்சாயத்து யூனியன் அலுவலகத்தில் மதிய உணவுப் பிரிவின் எழுத்தர். அந்தக் கதவு பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியின் விறகுக் கொட்டகையில் இருந்தது. தலைமையாசிரியையை ஊரே பெரிய டீச்சர் என்றது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குக் கட்டிய அதே கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில் திங்கட்கிழமையும் வருவார். சிரிப்பது குறைவு. எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்தால் மேலாளரே எழுந்து கோப்பு தேடுவதுபோல் உள்ளறைக்குப் போய்விடுவார்.

அம்பத்தூர் பக்கம் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் சித்தாள் வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். அவர்கள் இடுப்பிலிருந்த குழந்தைகள் மூத்த பெண் பிள்ளைகளின் இடுப்புக்கு மாறின. அந்தப் பெண்களோ மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் படிக்க வேண்டியவர்கள். பெரிய டீச்சருக்கு முன்னால் இருந்தவர் குழந்தையோடு வருபவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். பெண்கள் வரிசை காலியானது. இவர் வந்ததும் குழந்தைகளோடு உள்ளே விட்டார். வரிசை நிரம்பியது. மதியம் மஞ்சள் மாவுக் கஞ்சி பரிமாறும்போது குழந்தைகளுக்கும் ஆளுக்கு அரைக் கரண்டி தனியாக ஊற்றச் சொன்னார். பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கு ஊற்றினால் அது முறைகேடு. நிரூபணமானால் அந்தப் பள்ளிக்கு மாவும் எண்ணெயும் நின்றுபோகும். குழந்தைகளை நிறுத்தினாலோ பெண்கள் நின்றுபோவார்கள். ஒரு விதியைக் காப்பாற்ற இன்னொரு திட்டத்தைக் கொல்ல வேண்டிய இடம் அது. அரசாங்கத்தில் இப்படிப்பட்ட இடங்கள் ஏராளம். பெரும்பாலானவர்கள் அங்கே போகாமல் இருந்துவிடுவார்கள்.

யாரோ ஒரு புண்ணியவான் மேலிடத்துக்கு மொட்டைக் கடிதாசி போட்டான். ஆய்வு அதிகாரி மதியம் வருவதாகத் தகவல் அனுப்பிவிட்டு முற்பகலிலேயே ஜீப்பில் ஏறினார். சொன்ன நேரத்துக்கு முன்னால் போய் நிற்பதுதான் அவருடைய ஆய்வு முறை. நானும் பின் இருக்கையில் இருந்தேன். நாங்கள் இறங்கியபோது கஞ்சி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. வளாகத்தில் ஒரு இடுப்புக் குழந்தைகூட இல்லை. டின் கதவு சாத்தியிருந்தது. சமையல்கார ஆயா அதன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, இல்லாத கல்லை அரிசியில் பொறுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் வருவதற்கு முன்பே குழந்தைகளுக்கு ஊட்டித் தூங்க வைத்துவிடலாம் என்பது அவர்கள் திட்டம் என்று புரிந்தது. ஜீப் அதைக் கெடுத்துவிட்டது.

கஞ்சி பரிமாறினார்கள். பையன்கள் உறிஞ்சும் சத்தம் தெரு வரை கேட்டிருக்கும். பெண்கள் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திகூடக் கை வைக்கவில்லை.

"ஏன் சாப்பிடலை? உப்பு இல்லையா?" என்றார் அதிகாரி.

"உப்பெல்லாம் சரியா கீது சார்!" என்றான் ஒரு பையன், கேட்காமலே.

"சாப்பிடுங்க," என்றார் பெரிய டீச்சர். "இப்பதானே சொன்னேன்? இன்னைக்கு நீங்க முதல்ல."

அவர்கள் அசையவில்லை. இடுப்புக் குழந்தைக்கு ஊட்டாமல் தான் வாயில் வைப்பது அந்தப் பெண்களின் பழக்கத்தில் இல்லை. பெரிய டீச்சர் எல்லாவற்றையும் யோசித்திருந்தார், இதை யோசிக்கவில்லை. அப்போது டின் கதவுக்குப் பின்னால் ஒரு அழுகை. உடனே இன்னொன்று. அதிகாரி மெல்லத் திரும்பினார். ஆயா அரிசியைப் பொறுக்குவதை நிறுத்தவில்லை. விரல்கள் மட்டும் முறத்துக்கு வெளியே போய்விட்டன.

"உள்ள யாரு?"

முன் வரிசைப் பெண் எழுந்து நின்றாள். "என் தம்பி சார். அவன் இன்னும் துன்ல. அவன் துன்னாம எனுக்கு எறங்காது."

பெரிய டீச்சர் நடந்து போய்த் தானே கதவைத் திறந்தார். சாக்கு விரிப்பில் வரிசையாகக் குழந்தைகள், வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"இது மாணவர்களுக்கான உணவும்மா. நாளையிலேருந்து இதுங்க உள்ள வரக்கூடாது. இல்லைன்னா சப்ளையை நிறுத்தச் சொல்லி எழுதணும்."

"எழுதுங்க சார். கூடவே இதையும் எழுதிக்கோங்க. அதுங்க வரலைன்னா இந்தப் பொண்ணுங்களும் வராது. பையனுங்களுக்கு மட்டும் பள்ளிக்கூடம் நடத்த வேற ஆளைப் போடுங்க."

"அய்ய, சொம்மா இரு டீச்சரம்மா," என்று ஆயா முணுமுணுத்தார். "இருக்கிற வேலைக்கும் வேட்டு வெச்சிக்கப் போற."

பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. எழுதிவிட்டால் அவ்வளவுதான் என்பது எனக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்தில் நிறுத்துவதற்கு ஒரு கையெழுத்து போதும். மறுபடி தொடங்க ஏழு மேசை ஏறி இறங்க வேண்டும். அதற்குள் அந்தப் பெண்கள் சித்தாள் வேலைக்கே போயிருப்பார்கள். இந்தப் பேச்சுக்கு நடுவே அந்த அக்காக்காரி உள்ளே போய்த் தம்பியைத் தூக்கிவந்து மடியில் போட்டு, தன் தட்டிலிருந்து ஊட்டத் தொடங்கிவிட்டாள். மற்றவர்களும் எழுந்து போனார்கள். அழுகை ஒவ்வொன்றாக அடங்கியது. அதிகாரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவங்க தட்டுலேருந்து இன்னொருத்தருக்குக் குடுக்கக்கூடாதுன்னு விதி இருக்கா?"

"வளாகத்துக்கு வெளியே எடுத்துப் போகக்கூடாதுன்னு மட்டும்தான் சார்."

பேனாவை மூடினார். "தனிக் கரண்டி கிடையாது. தட்டுல இருக்கறதை என்ன செய்யறாங்கன்னு நான் பார்க்கலை."

பெரிய டீச்சர் நன்றி சொல்லவில்லை. "அப்போ எட்டு வயசுப் பொண்ணு அரைத் தட்டுதான் சாப்பிடணும்."

"அரைத் தட்டாவது சாப்பிடுவாளேம்மா."

இருவர் சொன்னதும் உண்மை. கிளம்பும்போது, வெறுங்கையோடு போகக்கூடாது என்பதற்காகவோ என்னவோ, அதிகாரி கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த டின் எல்லாம் ஏலத்துக்குப் போகணுமே," என்றார். அதை மட்டும் எழுதினார்.

ஆகவே கதவு கழற்றப்பட்டது, முறைப்படி ஏல அறிவிப்பு ஒட்டப்பட்டது. கேட்க வந்தது ஒரே ஒருவர், வெள்ளைப் புடவையில். ரசீதை நான்தான் எழுதினேன். மறுநாளே அது பழைய கீலில் ஏறியது. ஆனால் அதற்குப் பிறகு அதைச் சாத்தி நான் பார்த்ததில்லை. அகலத் திறந்து ஒரு கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருப்பார். அந்த நிழலில் குழந்தைகள் தூங்கும்.

அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும், கால்வாய் தூர் வாருவதைப் பற்றியதாக இருந்தாலும், பெரிய டீச்சர் எழுந்து நிற்பார். "தட்டு ஒண்ணு, வாய் ரெண்டு. எப்ப சார் ரெண்டு தட்டு?" மேலாளர் கடிகாரத்தைப் பார்ப்பார். நான் கூட்டக் குறிப்பில் 'விவாதிக்கப்பட்டது' என்று எழுதுவேன். சில வருடங்கள் கழித்து அங்கே, சின்னக் குழந்தைகளுக்குத் தனிச் சாப்பாட்டோடு, ஒரு பால்வாடி அனுமதியானது. அவர் கேட்டதால் வந்தது என்று எந்தக் கோப்பிலும் இல்லை. எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் கேட்டிருப்பார்கள். வந்த அன்று பெரிய டீச்சர் தம்பிகளின் தட்டைப் பார்க்கவில்லையாம். அக்காக்கள் தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறார்களா என்று வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனாராம். ஆயா சொன்னார்.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். இப்போது அது அங்கன்வாடி. சுவரில் கேரட்டும் முட்டையும் கை கால் முளைத்துச் சிரிக்கின்றன. உள்ளே ஒவ்வொரு குழந்தைக்கும் முன்னால் ஒரு தட்டு. பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகத் துருப்பிடித்த ஒரு தகரம் கிடந்தது. குனிந்து பார்த்தேன். ஒரு ஓரத்தில், தலைகீழாக, இரண்டு கைகள் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன.

"அது பழைய குப்பை சார், தூக்கிப் போட்டுடறோம்," என்றார் பணியாளர், நான் ஏதோ ஆய்வுக்கு வந்தவன் என்று பயந்து.

"முடியாதும்மா," என்றேன். "அது அரசாங்கச் சொத்து இல்லை. ஏலத்துல போனது. ரசீது நான் எழுதினேன். தூக்கிப் போட உங்களுக்கு அதிகாரம் கிடையாது."